கையைப் பார்க்கப் போன கூட்டம்: எழுபதுகளின் ராக் மேடைகள் ஏன் இன்னும் மறக்கவில்லை

யெஸ், கிங் கிரிம்சன், எமர்சன் லேக் அண்ட் பாமர், மகாவிஷ்ணு ஆர்கெஸ்ட்ரா, ஜெனிசிஸ், ஜென்டில் ஜயன்ட். எழுபதுகளில் நீளமும் சிக்கலுமான ராக் இசை வாசித்த இந்தக் குழுக்களை நேரில் பார்த்தவர்கள் சொன்னதையும் எழுதியதையும் பல வருடங்களாகத் தேடிப் படித்துக்கொண்டிருக்கிறேன். அவர்களுக்கெல்லாம் இப்போது எழுபது வயதை ஒட்டியிருக்கும், அன்றைக்குப் பதினாறோ பதினெட்டோ. இந்த நினைவுகளில் எனக்குத் திரும்பத் திரும்பக் கண்ணில் படுவது ஒன்று உண்டு. எந்தப் பாட்டு நன்றாக இருந்தது என்று அவர்கள் அவ்வளவாகச் சொல்வதில்லை, யாருடைய கை தெரிந்தது என்றுதான் சொல்கிறார்கள். மேடைக்கு எந்தப் பக்கம் இடம் கிடைத்தது, அங்கிருந்து கிட்டார்க்காரரின் இடது கை தெரிந்ததா, கீபோர்டுக்காரர் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றாரா, டிரம்ஸ் அடித்தவரின் கால் தெரிந்ததா என்பதெல்லாம் ஐம்பது வருடம் கழித்தும் அவர்களுக்கு அப்படியே ஞாபகம் இருக்கிறது.

ஏன் அப்படி என்று புரிய வேண்டுமென்றால் அன்றைய ரசிகர் கையில் என்ன இருந்தது என்று பார்க்க வேண்டும். ஒரு எல்பி இசைத்தட்டு, அதன் அட்டைப்படம், வாராவாரம் வரும் மெலடி மேக்கர் பத்திரிகை, அவ்வளவுதான். பிபிசியில் 1971-ல் தொடங்கிய ஒரு பின்னிரவு இசை நிகழ்ச்சியில் எப்போதாவது ஒரு பாட்டு வாசிப்பார்கள், அன்று தூங்கிவிட்டால் போச்சு. மறுபடி போட்டுப் பார்க்க வீட்டில் வீடியோ கிடையாது. ஆக, இசைத்தட்டில் ஓடுகிற அந்த அசுர வாசிப்பை மனிதக் கைதான் வாசிக்கிறதா என்று தெரிந்துகொள்ள ஒரே வழி டிக்கெட் வாங்குவது.

அந்தச் சந்தேகம் நியாயமானதும்கூட. அறுபதுகளின் கடைசியிலேயே ஸ்டூடியோ ஒரு தனி உலகமாகிவிட்டது. பீட்டில்ஸ் 1966 ஆகஸ்டோடு கச்சேரிப் பயணங்களை நிறுத்திவிட்டு, மேடையில் வாசிக்க வேண்டிய கவலையே இல்லாத இசையை ஸ்டூடியோவுக்குள் செய்ய ஆரம்பித்தார்கள். பதினாறு தடங்களில் பதிவு செய்யும் கருவிகள் வந்ததும் ஒரே ஆள் நான்கு கிட்டார்களை வாசித்து ஒன்றன் மேல் ஒன்றாக அடுக்க முடிந்தது, பதிவான ஒலிநாடாவை வெட்டி ஒட்டவும் முடிந்தது. யெஸ் குழுவின் 'க்ளோஸ் டு தி எட்ஜ்' 1972-ல் லண்டன் அட்விஷன் ஸ்டூடியோவில் அப்படித்தான் உருவானது. பதினெட்டு நிமிடத்துக்கு மேல் ஓடும் அந்தத் தலைப்புப் பாட்டைத் துண்டு துண்டாகப் பதிவு செய்து, ஒலிப்பதிவாளர் எடி ஆஃபர்டு பிளேடால் வெட்டி ஒட்டி முழுதாக்கினார். அதற்குப் பிறகுதான் குழுவினர் உட்கார்ந்து, தாங்கள் செய்ததை முதலிலிருந்து முடிவு வரை ஒரே மூச்சில் வாசிக்கக் கற்றுக்கொள்ள வேண்டியிருந்தது.

இதில் இன்னொரு சிக்கலும் சேர்ந்தது. பதிவு முடிந்த கையோடு டிரம்ஸ் வாசித்த பில் புரூஃபர்டு குழுவை விட்டு கிங் கிரிம்சனுக்குப் போய்விட்டார். அவருக்குப் பதிலாக வந்த ஆலன் ஒயிட்டுக்கு முழுக் கச்சேரியையும் கற்றுக்கொள்ளக் கிடைத்தது மூன்றே நாட்கள். 1972 ஜூலை 30-ம் தேதி டல்லஸில் முதல் கச்சேரி. இசைத்தட்டு வெளிவந்ததோ செப்டம்பரில். அன்று டல்லஸில் உட்கார்ந்திருந்தவர்கள் முன்பின் கேட்டிராத ஒரு நீண்ட உருப்படியை, அதை மூன்று நாளில் படித்த ஒரு டிரம்மரோடு சேர்த்துக் கேட்டார்கள். இசைத்தட்டில் கேட்டதோடு ஒப்பிட்டு 'அப்படியே வாசித்தார்கள்' என்று மெச்சுவதற்கு அங்கே யாருக்கும் வாய்ப்பே இல்லை.

இந்த 'முன்பின் கேட்டிராத' என்பது முக்கியம். இன்று ஒரு குழு ஊருக்கு வருவதற்குள் அது போன வாரம் வேறு ஊரில் எதையெல்லாம், எந்த வரிசையில் வாசித்தது என்பது எல்லாருக்கும் தெரிந்திருக்கிறது. அன்று அப்படி இல்லை. 1973 நவம்பரில் யெஸ் இங்கிலாந்தில் கச்சேரிப் பயணம் கிளம்பியபோது, நான்கே பாட்டுகள் கொண்ட இரட்டை இசைத்தட்டான 'டேல்ஸ் ஃப்ரம் டோபோகிராஃபிக் ஓஷன்ஸ்' கடைக்கு வந்திருக்கவில்லை, டிசம்பரில்தான் வந்தது. ஒவ்வொரு பாட்டும் ஏறக்குறைய இருபது நிமிடம். ரசிகர்கள் எண்பது நிமிடப் புது இசையை, எங்கே ஆரம்பித்து எங்கே முடியும் என்று தெரியாமல், நாற்காலியில் உட்கார்ந்து கேட்டார்கள். சிலருக்கு அது வாழ்க்கையிலேயே பெரிய இரவு, சிலருக்குத் தாங்கமுடியாத சலிப்பு. இரண்டு தரப்பும் அதை மறக்கவில்லை என்பதுதான் எனக்கு ஆச்சரியம். மேடையிலேயே ஒருவருக்குச் சலிப்புத் தட்டியிருந்தது: கீபோர்டு வாசித்த ரிக் வேக்மன். மான்செஸ்டர் ஃப்ரீ டிரேட் ஹாலில், கச்சேரி நடந்துகொண்டிருக்கும்போதே அவருக்கு மேடைக்கு விந்தாலு கறியும் அப்பளமும் வந்து சேர்ந்த கதையை அவரே பல தடவை சொல்லியிருக்கிறார். கச்சேரி முடிந்ததும் என்ன சாப்பிடலாம் என்று உதவியாளர் கேட்டிருக்கிறார், அப்போதே கொண்டு வரச் சொன்னதாகப் புரிந்துகொண்டு வாங்கி வந்துவிட்டார். 1974 மே மாதம் வேக்மன் குழுவை விட்டு விலகினார்.

ஜெனிசிஸ் கதையும் இதே மாதிரிதான், ஆனால் காரணம் ஒரு விபத்து. கிட்டார் வாசித்த ஸ்டீவ் ஹாக்கெட்டின் கையில் ஒயின் கோப்பை உடைந்து தசைநாண் அறுபட்டதால் 1974-ல் இங்கிலாந்தில் நடக்க வேண்டிய கச்சேரிகள் தள்ளிப்போயின. 'தி லாம்ப் லைஸ் டவுன் ஆன் பிராட்வே' பயணம் நவம்பர் 20-ம் தேதி சிகாகோவில் தொடங்கியது. இரட்டை இசைத்தட்டு முழுவதையும் வரிசை மாறாமல் வாசித்தார்கள், அது அப்போதுதான் கடைகளுக்கு வந்துகொண்டிருந்தது. தெரிந்த பாட்டு எதையாவது வாசிப்பார்கள் என்று வந்த அமெரிக்க ரசிகர்களுக்குக் கிடைத்தது மூன்று திரைகளில் மாறிக்கொண்டே இருக்கும் ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஸ்லைடுகளும், ஒன்றரை மணி நேரம் ஓடும் புரியாத ஒரு கதையும்.

மகாவிஷ்ணு ஆர்கெஸ்ட்ராவைப் பற்றி நிறையச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நினைவுகளில் மிகவும் தீவிரமானவை அவர்களைப் பார்த்தவர்களுடையவைதான். 1971-ல் ஜான் மக்லாஃப்லின் நியூயார்க்கில் தொடங்கிய குழு அது. டிரம்ஸில் பில்லி காபம், கீபோர்டில் யான் ஹாமர், வயலினில் ஜெரி குட்மன், பாஸில் ரிக் லேர்டு. அந்த ஜூலையில் கிரீன்விச் வில்லேஜில் ஒரு சின்ன கிளப்பில்தான் முதல் கச்சேரிகள். மக்லாஃப்லின் அப்போது ஆன்மிக குரு ஸ்ரீ சின்மயின் சீடர். வெட்டிய முடி, வெள்ளை உடை, கையில் இரட்டைக் கழுத்துக் கிட்டார். ராக் கூட்டத்தின் முன் வந்து நின்று, வாசிப்பதற்கு முன் கொஞ்ச நேரம் அமைதியாக இருக்கச் சொல்வார். கூச்சல் போட வந்த கூட்டம் வாயடைத்து உட்காரும். அப்புறம் திடீரென்று காது கிழியும் சத்தத்தில் ஐந்து பேரும் ஒரே சமயத்தில் இறங்குவார்கள். அந்த மௌனமும் அதை உடைத்த முதல் அடியும்தான் பார்த்தவர்களுக்கு முதலில் ஞாபகம் வருகிறது.

கூடவே காபமின் கை. வலது கைக்காரருக்கு அடுக்குவது போல டிரம்ஸை அடுக்கி வைத்துவிட்டு, கைகளைக் குறுக்கே போடாமல் இடது கையால் தாளத்தை நடத்துவார். அவர் வாசித்த ஃபைப்ஸ் நிறுவனத்து டிரம்ஸ் நிறமில்லாத அக்ரிலிக்கில் செய்தவை, உள்ளே ஊடுருவித் தெரியும். இரண்டு பாஸ் டிரம்களையும் மிதிக்கும் காலசைவுகூட முன்வரிசைக்குத் தெரிந்தது. கணக்கும் சாதாரணமில்லை. எட்டு, பத்து, பதினெட்டு என்று மாறும் சுழற்சிகள். நம் ஊர்ச் சபாவில் ஏழு எண்ணும் மிஸ்ர சாப்பு வந்தால் முன்வரிசைத் தாத்தா தொடையில் தட்டிக்கொண்டே கூட வருவார், அதற்கு ஒரு பழக்கம் இருக்கிறது. அமெரிக்கக் கல்லூரி மாணவர்களுக்கு நான்குக்கு மேல் எண்ணிப் பழக்கமில்லை, தலையை ஆட்ட ஆரம்பித்து நடுவில் தவறவிடுவார்கள். மேடையில் ஐந்து பேரும் எந்த அடையாளமும் காட்டாமல் ஒரே புள்ளியில் வந்து விழுவதை அவர்கள் ஏதோ அமானுஷ்யமாகப் பார்த்ததில் வியப்பில்லை.

இங்கேதான் நமக்கு ஒரு நேரடித் தொடர்பு வருகிறது. மக்லாஃப்லின் கனெக்டிகட்டில் உள்ள வெஸ்லியன் பல்கலைக்கழகத்தில் டாக்டர் எஸ். ராமநாதனிடம் வீணை படித்தார். முதல் மகாவிஷ்ணு குழு 1973 கடைசியில் உடைந்தது. அதன் பிறகு அவர் வயலின் எல். சங்கர், தபலா ஜாகிர் உசேன், கடம் விக்கு விநாயக்ராம், மிருதங்கம் ராம்நாட் ராகவன் ஆகியோரோடு சேர்ந்து 'சக்தி'யாக வந்தார். முதல் இசைத்தட்டே 1975 ஜூலை 5-ம் தேதி நியூயார்க் லாங் ஐலண்டில் ஒரு கல்லூரியில் நடந்த கச்சேரியின் நேரடிப் பதிவு. காது செவிடாகும் மின்கிட்டாரை எதிர்பார்த்து வந்தவர்கள், ஐந்து பேர் சம்மணம் போட்டு உட்கார்ந்திருப்பதைப் பார்த்தார்கள். பிற்பாடு மக்லாஃப்லின் வாசித்த கிட்டாரில், வீணையில் இருப்பது போன்ற மெட்டுக் கம்பிகளுக்கு இடையே மரத்தைக் குழிவாகச் செதுக்கியிருந்தார்கள், கமகம் வாசிக்கக் கம்பியை இழுக்க வசதியாக. ஒரு மண்பானையிலிருந்து அவ்வளவு வேகமும் அவ்வளவு நாதமும் வருவதை முதல்முதலாகப் பார்த்த அந்த இளைஞர்களின் கண் விக்குவின் விரலை விட்டு நகர்ந்திருக்காது. 2024-ல் சக்தி கிராமி விருது வாங்கியது. விக்குவின் மகன் செல்வகணேஷ் அப்போது அந்தக் குழுவில் இருந்தார்.

சரி, மறுபடி ராக் மேடைக்கு வருவோம். கிங் கிரிம்சனைப் பார்த்தவர்களின் நினைவு வேறு வகை. கிட்டார்க்காரர் ராபர்ட் ஃப்ரிப் ஒரு ஸ்டூலில் உட்கார்ந்து, வெளிச்சத்துக்கு விலகி, அசையாமல் வாசிப்பார். 1973, 74-ல் இருந்த அணி கச்சேரியின் நடுவே எழுதாத இசையை அந்த நேரத்தில் உருவாக்கி வாசித்தது. இன்றிரவு என்ன வரும் என்று அவர்களுக்கே தெரியாது. 1973 நவம்பர் 23, ஆம்ஸ்டர்டாம் கான்செர்ட்கெபாவ் அரங்கம். டேவிட் கிராஸ் வயலினில் மெதுவாக ஒன்றைத் தொடங்குகிறார், ஜான் வெட்டனின் பாஸ் வருகிறது, ஃப்ரிப் சேர்கிறார். பில் புரூஃபர்டு குச்சிகளை மார்பில் குறுக்கே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். அடிக்கவேயில்லை, கடைசி வரை. அவ்வளவு பெரிய டிரம்மர், அவ்வளவு நேரம் சும்மா இருந்தார்! அந்தப் பதிவு 1974-ல் வந்த 'ஸ்டார்லெஸ் அண்ட் பைபிள் பிளாக்'கில் சேர்ந்தபோது, அவர் காட்டிய நிதானத்துக்காகவே இசையமைத்தவர்களில் ஒருவராக அவர் பெயரையும் போட்டார்கள். வித்வத்துவம் என்றால் வேகம் என்று நினைப்பவர்களிடம் நான் முதலில் சொல்வது இந்த இரவைத்தான்.

அந்த இசைத்தட்டில் பெரும்பகுதி கச்சேரிப் பதிவுதான், கைதட்டலை மட்டும் வெட்டி எடுத்திருந்தார்கள். வாங்கியவர்களில் பெரும்பாலோர் ஸ்டூடியோ வேலை என்றே நினைத்திருந்தார்கள். 1997-ல் ஆம்ஸ்டர்டாம் கச்சேரி தனியாக வெளிவந்தபோதுதான், அதே இசை கூட்டத்தின் இருமலோடும் கைதட்டலோடும் எப்படி ஒலித்தது என்று மற்றவர்களுக்குக் கேட்கக் கிடைத்தது.

கருவிகள் எந்த நேரம் காலை வாரும் என்று தெரியாததும் அந்த இரவுகளின் ஒரு பகுதி. மெல்லட்ரான் என்ற கீபோர்டில் ஒவ்வொரு கட்டைக்கும் கீழே ஒரு நாடாத் துண்டு இருக்கும், அதில் வயலின் கூட்டமோ பாடகர் குழுவோ பதிவாகியிருக்கும். கட்டையை அழுத்தினால் சுமார் எட்டு வினாடி ஒலிக்கும், பிறகு நாடா பின்னுக்கு ஓடித் திரும்ப வேண்டும். மின்சாரம் கொஞ்சம் ஏறி இறங்கினாலும், அரங்கத்தில் புழுக்கம் கூடினாலும் சுருதி விலகிவிடும். மூக் சின்தசைசரும் அப்படித்தான், சூடு ஏற ஏற ஒலி நகரும். யெஸ், ஜெனிசிஸ், கிரிம்சன் மூன்றுமே மெல்லட்ரானை நம்பித்தான் மேடையேறின. நடுவில் ஒரு கருவி செத்துப்போய், மற்றவர்கள் பார்வையிலேயே பேசிக்கொண்டு சமாளித்ததைப் பார்த்தவர்கள் அதைத்தான் கச்சேரியின் உச்சமாகச் சொல்வார்கள். அங்கேதான் அவர்களுக்கு உண்மை தெரிந்தது, நாடா ஓடவில்லை, மனிதர்கள் வாசிக்கிறார்கள் என்று.

எமர்சன் லேக் அண்ட் பாமரின் கீபோர்டுக்காரர் கீத் எமர்சன், ஹாமண்ட் ஆர்கன் என்ற மின் ஆர்கனில் கத்தி குத்துவதைப் பலரும் வெறும் கூத்து என்று எழுதிவிட்டார்கள். அதில் கூத்தும் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் கட்டைகளுக்கு இடையில் கத்தியைச் செருகினால் அந்தச் சுரம் விடாமல் ஒலிக்கும், இரண்டு கையும் சும்மா இருக்கும், அவர் நகர்ந்து போய் வேறொன்றை வாசிக்கலாம். ஆர்கனுக்குப் பின்னால் நின்று, கட்டைகள் தலைகீழாக இருக்கும்போதே பிசகாமல் வாசிப்பதையும் அவர் வழக்கமாகச் செய்தார். இதை முதல் சில வரிசைகளிலிருந்து பார்ப்பதும் ஒரு மைல் தூரத்திலிருந்து பார்ப்பதும் ஒன்றில்லை. இந்தத் தூரம்தான், என் கணிப்பில், எழுபதுகளின் ரசிகர் நினைவுகளை இரண்டாகப் பிரிக்கிறது.

1970, 71, 72-ல் இந்தக் குழுக்கள் வாசித்த இடங்களைப் பாருங்கள். ஐல்ஸ்பரி என்ற சின்ன ஊரில் ஃபிரையர்ஸ் கிளப், மான்செஸ்டர் ஃப்ரீ டிரேட் ஹால், பல்கலைக்கழக உணவுக்கூடங்கள், நியூயார்க்கின் ஃபில்மோர் ஈஸ்ட். நியூகாசில் சிட்டி ஹாலில் சுமார் இரண்டாயிரம் பேர் உட்காரலாம். அங்கேதான் 1971 மார்ச் 26-ம் தேதி எமர்சன் குழு ரஷ்ய இசையமைப்பாளர் முசோர்க்ஸ்கியின் 'பிக்சர்ஸ் அட் அன் எக்ஸிபிஷ'னைப் பதிவு செய்தது. தொடக்கத்தில் எமர்சன் அந்த அரங்கத்துக்கே சொந்தமான குழாய் ஆர்கனை வாசித்தார், கீழே கூட்டம் அண்ணாந்து பார்த்தது. இந்த மாதிரி இடங்களில் கடைசி வரிசைக்கும் விரல் ஓரளவு தெரியும்.

பிறகு அமெரிக்கா, பிறகு பணம். 1974 ஏப்ரல் 6-ம் தேதி கலிஃபோர்னியாவில் ஒன்டாரியோ கார் பந்தய மைதானத்தில் நடந்த கலிஃபோர்னியா ஜாம் என்ற இசை விழாவில் இரண்டு லட்சம் பேருக்கு மேல் கூடினார்கள். கடைசியாக மேடையேறியது எமர்சன் லேக் அண்ட் பாமர். 1976 ஜூனில் ஃபிலடெல்ஃபியாவின் ஜேஎஃப்கே ஸ்டேடியத்தில் யெஸ்ஸைப் பார்க்க வந்தவர்கள் ஒரு லட்சத்தை ஒட்டி. மேடையில் நடப்பதை இன்று போலப் பெரிதாகக் காட்டும் திரைகள் அன்று பரவலாக வந்திருக்கவில்லை. கால் மைலுக்கு அப்பால் உட்கார்ந்திருப்பவருக்கு விரல் எங்கே தெரியும்? அவருக்கும் ஏதாவது தெரிய வேண்டும். அதனால்தான் பியானோ எமர்சனோடு சேர்ந்து காற்றில் ஏறித் தலைகுப்புறச் சுழன்றது. அதனால்தான் கார்ல் பாமரின் துருப்பிடிக்காத எஃகு டிரம்ஸ் மேடையோடு சுற்றியது, அவர் மணியின் கயிற்றைப் பல்லால் கடித்து இழுத்து அடித்தார். யெஸ்ஸின் இசைத்தட்டு அட்டைகளை வரைந்த ரோஜர் டீன் மேடையையே வேற்றுக்கிரகம் போல அமைத்ததற்கும் இதில் ஒரு பங்கு உண்டு. பின்னாளில் விமர்சகர்கள் 'ஆடம்பரம், திமிர்' என்று திட்டிய பலதும் இந்தத் தூரத்துக்குத் தேடிய பதில்கள். 1971-ல் பார்த்தவர் விரலைச் சொல்கிறார், 1976-ல் பார்த்தவர் லேசரையும் புகையையும் சொல்கிறார். ஒரே குழுவை, ஒரே பாட்டை.

யெஸ் இதை உணர்ந்திருந்தது என்று நினைக்கிறேன். 1978-ல் அரங்கத்தின் நடுவில் மெதுவாகச் சுற்றும் வட்ட மேடையைப் போட்டார்கள், எந்தப் பக்கம் உட்கார்ந்தாலும் ஒவ்வொருவர் கையும் சில நிமிடங்களுக்கு ஒருமுறை எதிரே வந்து போகும். அந்தப் பயணத்தைப் பார்த்தவர்களிடம் இருக்கும் அன்பு அலாதியானது. எமர்சன் குழு எதிர்த்திசையில் போனது. 1977-ல் முழு ஆர்கெஸ்ட்ராவையே பேருந்தில் ஏற்றிக்கொண்டு கிளம்பி, செலவு தாங்காமல் சில வாரங்களில் அவர்களை வீட்டுக்கு அனுப்பிவிட்டு மூவராகவே மிச்சத்தை முடித்தார்கள்.

டிரம்ஸ் தனி வாசிப்பைப் பற்றி ஒரு வார்த்தை. லெட் செப்பலினின் ஜான் பானம் இருபது நிமிடத்துக்கு மேலும் வாசிப்பார், நடுவில் குச்சியைப் போட்டுவிட்டு வெறுங்கையால். பாதிக் கூட்டம் அப்போதுதான் கழிப்பறைக்கும் பியர் வாங்கவும் எழுந்து போகும், தனி ஆவர்த்தனத்தின்போது காண்டீனுக்குப் போகும் நம் சபா ரசிகர்களைப் போல. உட்கார்ந்திருந்த மீதிப் பேர்தான் இன்று அதைப் பற்றி எழுதுகிறார்கள்.

எல்லாக் கூட்டமும் பொறுமையாகக் கேட்டது என்று நினைத்துவிடக் கூடாது. ஜென்டில் ஜயன்ட் குழுவில் ஒவ்வொருவரும் நான்கைந்து கருவி வாசிப்பார்கள், நடுவில் எல்லாரும் ரெக்கார்டர் குழலை எடுத்துக்கொண்டு பழைய ஐரோப்பிய சங்கீதம் போல ஒன்றை வாசிப்பார்கள். 1972-ல் ஹாலிவுட் பௌல் அரங்கத்தில், கனத்த ராக் வாசிக்கும் பிளாக் சபாத் குழுவுக்கு முன்பாக அவர்களை ஏற்றிவிட்டார்கள். சபாத்துக்காக வந்த கூட்டம் கத்தி விரட்டியது. இத்தாலியிலும் கியூபெக்கிலும் இதே மாதிரிக் குழுக்களைக் கொண்டாடினார்கள். ஜெனிசிஸ்ஸையும் வான் டர் கிராஃப் ஜெனரேட்டர் என்ற குழுவையும் சொந்த ஊருக்கு முன்பே இத்தாலி தூக்கி வைத்துக்கொண்டது. ஆனால் அங்கேயும் அரசியல் கொந்தளிப்பு கச்சேரிக்குள் வந்தது. 1971 ஜூலையில் மிலானில் லெட் செப்பலின் வாசித்துக்கொண்டிருக்கும்போதே போலீஸ் கண்ணீர்ப்புகை போட்டு, கச்சேரி பாதியில் நின்றது.

அப்புறம் நினைவுக்கும் நாடாவுக்கும் உள்ள தகராறு. 1973 பிப்ரவரியில் அமெரிக்காவில் கிங் பிஸ்கட் ஃபிளவர் ஹவர் என்ற வானொலி நிகழ்ச்சி தொடங்கியது, முதல் ஒலிபரப்பிலேயே மகாவிஷ்ணுவின் கச்சேரி இருந்தது. வீட்டில் காசெட்டில் பிடித்து வைத்துக்கொண்டார்கள். இன்னும் துணிந்தவர்கள் அரங்கத்துக்குள்ளேயே பதிவுக்கருவியைக் கடத்திக்கொண்டு போனார்கள். லாஸ் ஏஞ்சலஸில் ஒருவர் சக்கர நாற்காலியில் உட்கார்ந்து, அதற்கடியில் நல்ல காசெட் கருவியை மறைத்து, கச்சேரி கச்சேரியாகப் பதிவு செய்தார். இன்றைக்கும் அவருடைய நாடாக்களுக்கு ஈடாக அந்தக் காலத்து ரசிகர் பதிவுகள் அதிகமில்லை.

யெஸ் 1973-ல் வெளியிட்ட மூன்று தட்டு 'யெஸ்சாங்ஸ்' ஒலி மங்கலானது, போர்வைக்குள்ளிருந்து வருவது போல. நேரில் கேட்டவர்கள் 'இப்படி இல்லை, தெளிவாக இருந்தது' என்று பல காலம் சொல்லிக்கொண்டிருந்தார்கள், பாசம் பேசுகிறது என்று மற்றவர்கள் ஒதுக்கினார்கள். 2015-ல் 1972 இலையுதிர் காலத்தின் ஏழு கச்சேரிகள் 'புராஜெனி' என்று பதினான்கு குறுந்தட்டுகளாக, மூல நாடாக்களிலிருந்து புதிதாகக் கலக்கப்பட்டு வந்தன. ஒவ்வொரு கருவியும் தனித்தனியாகக் கேட்கிறது. பழைய ரசிகர்கள் சொன்னது சரிதான். அதே தட்டுகளில் தடுமாற்றங்களும் கேட்கின்றன. ஏழு இரவும் ஒரே பாட்டுகள், ஆனால் எந்த இரண்டு இரவும் ஒன்று போலில்லை.

எதிர்மாறான உதாரணமும் உண்டு. ஜெனிசிஸ்ஸின் லாம்ப் கச்சேரி, 1975 ஜனவரியில் லாஸ் ஏஞ்சலஸ் ஷ்ரைன் அரங்கத்தில் பதிவானது, 1998-ல் ஒரு தொகுப்பில் வெளியானது. ஆனால் அதில் கேட்கும் பாடகர் பீட்டர் கேப்ரியலின் குரலில் ஒரு பகுதி தொண்ணூறுகளில் மறுபடி பாடியது. காரணம், மேடையில் அவர் மாட்டியிருந்த கொப்புளம் கொப்புளமான ஸ்லிப்பர்மேன் வேஷத்துக்குள் மைக்கை வாயருகே கொண்டுபோகவே முடியாது, குரல் சரியாகப் பதிவாகவில்லை. அன்று அரங்கத்தில் இருந்தவர்களுக்கு அந்த மூச்சுமுட்டலும் அமுங்கிய குரலும்தான் கச்சேரி. வேஷம் போடும் பழக்கம் 1972 செப்டம்பரில் டப்ளினில் தொடங்கியது, மனைவியின் சிவப்பு கவுனும் நரித்தலையும் அணிந்து அவர் திடீரென்று மேடைக்கு வந்தபோது குழுவினருக்கே முன்னால் தெரியாது. அன்று டப்ளினில் இருந்தவர்கள் அடைந்த திகைப்பைப் பிற்பாடு வந்த எந்தக் கூட்டமும் அடைந்திருக்க முடியாது, பத்திரிகையில் படம் வந்துவிட்டது.

1976, 77-ல் பங்க் என்ற எளிய, முரட்டு ராக் வந்தபோது இதெல்லாம் கேலிக்குரியதாகிவிட்டது. இருபது நிமிடப் பாட்டு, கிட்டார் வித்தை என்பதெல்லாம் பழைய பஞ்சாங்கம் என்று இசைப் பத்திரிகைகள் ஒரே குரலில் எழுதின. நிறைய ரசிகர்கள் பல வருடம் தங்கள் தட்டுகளை வெளியே சொல்லாமல் வைத்திருந்தார்கள், இந்த வெட்கம் அவர்கள் நினைவுகளில் இன்றும் எட்டிப்பார்க்கிறது. இது தேவையே இல்லாத வெட்கம் என்பது என் உறுதியான கருத்து. பங்க்கின் முகமாக இருந்த ஜான் லைடனே 1977-ல் லண்டன் வானொலியில் தனக்குப் பிடித்த தட்டுகளைப் போடச் சொன்னபோது வான் டர் கிராஃப் ஜெனரேட்டரின் பீட்டர் ஹாமிலைத் தேர்ந்தெடுத்தார்.

லாம்ப் கச்சேரி சுமார் நூறு முறை மேடையேறியும் முழுசாக ஒருமுறைகூடப் படமாக்கப்படவில்லை. ரசிகர்கள் சூப்பர் 8 கேமராவில் எடுத்த, சத்தமில்லாத சில நிமிடத் துண்டுகள்தான் இருக்கின்றன. அவற்றை அந்தக் காலத்து ஒலிநாடாக்களோடு பொருத்தி, உதட்டசைவையும் டிரம்ஸ் குச்சியையும் பார்த்து எந்த ஊர், எந்தப் பாட்டு என்று கண்டுபிடிக்கும் வேலையை சிலர் வருடக்கணக்காகச் செய்கிறார்கள். கியூபெக்கைச் சேர்ந்த தி மியூசிக்கல் பாக்ஸ் என்ற குழு இன்னும் ஒரு படி மேலே போனது. ஜெனிசிஸ்ஸின் அனுமதியோடு அசல் ஸ்லைடுகளைப் பெற்று, பழைய புகைப்படங்களையும் பார்த்தவர்கள் சொன்னதையும் வைத்து வேஷங்களையும் மேடையையும் திரும்பக் கட்டி, லாம்ப்பை முழுசாக வாசித்தது. அதைப் பார்க்கப் பீட்டர் கேப்ரியல் தன் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போனார், அப்பா அந்தக் காலத்தில் என்ன செய்தார் என்று காட்ட அவரிடமும் வேறு வழி இருக்கவில்லை.